ஒரு கிலோ கடலையும் ஒரு ஸ்கேனும்

எனக்கு மூளை கொஞ்சம் குறைவு. அதை வயிற்றை ஸ்கேன் பண்ணித்தான் கண்டுபிடித்தார்கள்.

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவன் நான். கொஞ்ச நாளாக, வலை கரைக்கு வருவதற்குள் மூன்று தடவை கயிற்றை விட்டுவிட்டு வள்ளத்துக்குப் பின்னால் ஒண்ணுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது.

"என்ன மச்சான், கடலுக்குத் தண்ணி காணாதா?" என்பான் கூட இழுக்கும் செல்வம்.

சிரித்துவிடுவேன். ஆனால் பயம்தான். என் அண்ணனும் இப்படித்தான் ஓடினார், புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி இரத்தம் எடுத்து, வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு வரச் சொன்னாள். "புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம் ஐயா. தக்காளி, கீரை, கடலை சாப்பிடுங்க. அந்தச் சத்துகள குடலுக்குள்ள இருக்கிற நல்ல கிருமிகள் உடைச்சு மாத்தும். சுரப்பிக்கும் நல்லதா இருக்கலாம் எண்டு ஆராயுறாங்க. மருந்து இல்ல. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க."

(நல்ல கிருமியாம். இவ்வளவு நாளும் அதுகளுக்குச் சவர்க்காரம் போட்ட பாவி நான்.)

கொஞ்சம் கொஞ்சமாக என்பது கரைவலைக்காரன் காதில் ஏறுமா? ஆள் கூடினால் வலை கெதியாக வரும். வியாழக்கிழமையே கிருமிகளுக்கு விருந்து வைத்தால், வெள்ளிக்கிழமைக்குள் சுரப்பி சுருங்கிவிடாதா? ஒரு கிலோ கடலை, கீரைக்குப் பதிலாகப் பாதி முட்டைக்கோவா பச்சையாக, ஒரு கூடைத் தக்காளி.

"இஞ்சாருங்க, டொக்டர் இப்பிடியா சொன்னா?" என்றாள் மனைவி.

"டொக்டருக்குக் கரைவலை தெரியுமா?" என்றேன், பெரிய பேராசிரியர் மாதிரி.

ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டுமாம். குடித்தேன். மேலே காற்று, கீழே கடல், நடுவில் நான்.

ஸ்கேன் டொக்டர் வயிற்றில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஒண்டும் தெரியல்ல ஐயா. முழுக்கக் காத்து. என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னொருக்காப் பாப்பம்" என்று டொக்டர் அழுத்தினார். அந்த இடத்தில் என் கிருமிகள் வலையை இழுத்து முடித்தார்கள்.

வெளியே ஆக்கள் இருந்த வாங்கு வரைக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. "அது எங்கட ஆள்தான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மனைவி சொன்னாளாம்.

மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும் அண்ணன் முகம்தான் கண்ணுக்குள். ஒரு கைப்பிடிக்கு மேல் கடலை இறங்கவில்லை. கடைசியில் ஸ்கேனையும் இரத்த முடிவையும் பார்த்து, "வயசுக்கு வார வீக்கம்தான், பயப்படாதீங்க" என்று குளிசை தந்தார்கள். மனைவி பஸ்ஸில் அழுதாள். அழுது முடித்ததும் செல்வத்தின் பெண்சாதிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். கடலை உட்பட.

இன்றைக்கும் கரைவலைக் கயிற்றில் கடைசி இடம் எனக்குத்தான். எனக்குப் பின்னால் நிற்க ஒருத்தனும் வருவதில்லை.