நூற்றெழுபது பேர் தங்கியிருக்கும் வீடு

வெள்ளவத்தை,
12.08.2007

அன்புள்ள மச்சான் சிவபாலனுக்கு,

நானும் உங்கள் தங்கை நேசமலரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். கனடாவில் நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். பொலிஸ் வீட்டுக்கு வந்தது என்று அவள் தொலைபேசியில் அழுதது உண்மைதான். ஆனால் எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது, பயப்பட வேண்டாம்.

பென்சன்காரனுக்குப் பொழுது போகட்டும் என்று நீங்கள் அனுப்பிய கம்பியூட்டர் விளையாட்டில் 'தெலாமிஸ்' என்றொரு பழைய கிரேக்கப் போர்க்கப்பல் இருக்கிறதல்லவா, மூன்று தட்டில் நூற்றெழுபது பேர் துடுப்பு வலிப்பது, அவர்களுக்கு நாங்களே பெயர் வைக்கலாமாம். முப்பது வருஷம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவன் பெயரில்லாத ஆட்களை எப்படிக் கப்பலில் ஏற்றுவது? எங்கள் ஊர்ச் சனம் முழுவதையும் ஏற்றி, உங்களை அடித்தட்டில் இருத்தி, வயது போட்டு, தொழில் 'துடுப்பு வலித்தல்' என்று போட்டு வடிவாகப் பட்டியல் எழுதினேன். அதே கிழமை, யுத்தகாலம் என்று, தமிழர் வீடுகளில் தங்கியிருப்போர் விபரத்தைப் பொலிசில் பதியச் சொன்னார்கள். அந்தப் படிவத்தையும் நிரப்பி அதே மேசையில் வைத்தேன். அவசரத்தில் எதைக் கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று இனிச் சொல்லவும் வேணுமோ?

அடுத்த நாள் காலமை ஒரு சார்ஜன்ட் என்ரை கப்பல் பட்டியலும் கையுமா இரண்டு பேரோட வந்து நிக்கிறார். "கோ மினிஸ்ஸு?" ஆக்கள் எங்கையாம்! கட்டிலுக்குக் கீழை, அலுமாரிக்குள்ளை, தண்ணித் தொட்டிக்குள்ளையும் பாத்தாச்சு. "ஐயோ, இந்த மனுசனைக் கொண்டுபோகப் போறாங்களே" என்று நேசமலர் குளறுறாள். எனக்கெண்டால் தெரிஞ்ச சிங்களமும் மறந்துபோச்சு, கை மட்டும் கம்பியூட்டரைக் காட்டுது. போட்டுக் காட்டினன். கப்பல் வழமைபோலத் துறைமுகச் சுவரிலை போய் முட்டிச்சுது, மூண்டு கிழமையா அதை வெளியிலை எடுக்க எனக்குத் தெரியேல்லை. சார்ஜன்ட் நீர்கொழும்புக் கடற்கரையிலை பிறந்த மனுசன். "பொட்டக் அயின் வென்ன, மஹத்தயா", கொஞ்சம் தள்ளுங்கோ ஐயா எண்டு என்னை எழுப்பிவிட்டுட்டு என்ரை கதிரையிலை குந்தினார். பத்து நிமிசத்திலை கப்பல் நடுக்கடலிலை! எனக்குக் கண் கலங்கிப்போச்சு, மச்சான். பால் விடாத பிளேன்ரீ இரண்டு தரம் ஓடிச்சுது. போகேக்கை சிரிச்சு சிரிச்சுப் பட்டியலிலை கையெழுத்து வைச்சு, "ஹரி, ஹரி", எல்லாம் சரியாம், எண்டு அதையே கொண்டுபோனார்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. குளிர் தொடங்கினால் மப்ளர் கட்டாமல் திரிய விடாதேங்கோ.

என்றும் உங்கள்,
தில்லைநாதன்

பி.கு.: இண்டைக்கு மேசை துடைக்கேக்கைதான் கண்டனான், எங்கள் இரண்டு பேரின்ரையும் உண்மையான படிவம் கீபோட்டுக்குக் கீழை கிடக்கு. அவரும் கேக்கேல்லை, நானும் குடுக்கேல்லை. பொலிஸ் கணக்குப்படி இந்த வீட்டிலை நூற்றெழுபது பேர் முறையாப் பதிஞ்சு இருக்கினம், நாங்கள் இரண்டு பேரும்தான் இல்லை. வீடு வீடாத் தேடுற சுற்றிவளைப்பு வந்தால் நாங்களும் துடுப்பு வலிக்கிறனாங்கள் எண்டு சொல்லுவம் எண்டன். நேசமலருக்கு அடித்தட்டு வேண்டாமாம், மேல்தட்டிலைதான் காத்து வருமாம்.