ஒன்பது கோல்களின் நாயகன்

“ஒரே ஒரு ஆட்டம்தானா?” என்று கேட்டபடி தேவதாசன் கோப்பியைக் கீழே வைத்தார்.

“ஒன்றுதான். ஆறு வருடம் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் குந்தியிருந்தேன். இறக்கிவிட்ட அந்த ஒரு நாளில் ஒன்பது கோலை உள்ளே விட்டேன்,” என்றார் டெக்லன், மழை பெய்ததைச் சொல்வதுபோல.

டெக்லன் அயர்லாந்துக் கழகமொன்றின் ஓய்வுபெற்ற கோல்காப்பாளர். டெனிஷ் மனைவி பியர்த்தேயோடு டென்மார்க்கின் வைலே நகரில் வாழ்கிறார். பியர்த்தேயும் தேவதாசனின் மனைவி ஞானமலரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. அந்தப் பழக்கத்தில் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் விளையாட்டு விழாவுக்கு டெக்லனைப் பிரதம விருந்தினராக அழைத்து, விசாரிக்கும் முன்பே நோட்டீசும் அடித்தாயிற்று: ‘சர்வதேச உதைபந்தாட்ட வீரர்.’ வேறு நாட்டுக்காரர் என்பதால் அதில் பொய்யில்லை.

விழாச் செயலாளராகத் தேவதாசனுக்கு இது முதல் வருடம். முந்திய செயலாளர் சிவானந்தன், இலண்டனிலிருந்து தன் மச்சானைக் கூப்பிடுவோம் என்றபோது, “மச்சான் எந்த விளையாட்டு வீரர்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டவர் இவர். விருந்தினர் சிரிப்புக்கிடமானால் பதவி சிவானந்தனிடமே திரும்பிப் போய்விடும்.

“உண்மையைச் சொல்லுங்கோவன். மனுசனே ஒளிக்கேல்லை,” என்றாள் ஞானமலர்.

“பொய் சொல்லமாட்டன். ஆனா பொன்னாடை போத்தேக்கை ஒன்பது கோல் விட்டவரெண்டு சொல்லேலுமோ?”

அன்றிரவு முழங்காலில் நின்று ஜெபித்தார். எழும்பியபோது பொய்யில்லாத ஒரு வசனம் கிடைத்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நாம் ஆராயவேண்டாம்.

விழாவன்று ஒலிவாங்கியில் அதைச் சொன்னார்: “எங்கள் விருந்தினர், ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல்களில் நேரடியாகப் பங்குகொண்டவர்.”

மைதானம் கைதட்டியது. கோலுக்குள் நின்றபடியே ஒன்பது கோல் அடித்தவராம் என்ற செய்தி வடைத் தட்டோடு சேர்ந்து சுற்றி வந்தது.

சிவானந்தன் எழும்பினார். “அப்பிடிப்பட்ட மனுசன் கதிரையிலை இருக்கலாமே? கோலுக்கை நிக்கட்டும். ஆளுக்கொரு பெனால்டி அடிச்சுப் பாப்பம்.”

டெக்லன் மகிழ்ச்சியோடு கோட்டைக் கழற்றினார்.

தேவதாசன் உதைக்க நின்றவர்களிடம் ஓடினார். “அவருக்கு வயசு போட்டுது. மனம் நோகப்பண்ணாதேங்கோ. வெளியாலை அடியுங்கோ.”

“உமக்காகவோ, அவருக்காகவோ?” என்றார் சிவானந்தன்.

“ஆண்டவருக்காக, அண்ணை.”

“ஆண்டவரை இதுக்குள்ளை இழுக்காதையும்.” டெக்லன் முழங்காலில் பட்டி சுற்றுவதைச் சிவானந்தன் பார்த்தார். “சரி. அவருக்காக.”

நகரக் கழகத்தில் விளையாடும் றொஜிதன் மூலைக்கொடியை நோக்கி அடித்தான். அந்தோனிமுத்துவின் பந்து தேநீர்ப் பானையைக் கவிழ்த்தது. சிவானந்தனின் பந்து நகரவேயில்லை; சப்பாத்து மட்டும் கோலுக்குள் போனது. டெக்லனோ ஒவ்வொரு முறையும் உதைக்கு முன்பே ஒரு பக்கமாக விழுந்து, புல்லோடு எழும்பினார்.

கடைசிவரை ஒரு கோலும் விழவில்லை. தேவதாசனின் பதவியும் விழவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு வந்த சிவானந்தனே அவருக்குக் கைகொடுத்தார்.

ஆனால் பொன்னாடை போர்த்தியபோது டெக்லனின் முகம் தொங்கிப் போயிருந்தது. பியர்த்தே ஞானமலரின் காதில் நெடுநேரம் டெனிஷில் ஏதோ சொன்னாள்.

“என்னவாம்? எங்கடை பேச்சிலை ஏதும் பிழையோ?” என்றார் தேவதாசன்.

“இல்லையப்பா,” என்றாள் ஞானமலர். “கிழமை முழுக்க வேலை செய்யிற சனம், ஆளுக்கொரு கோல் போட்டுச் சந்தோசப்படட்டுமெண்டு, பந்து வாற பக்கத்தை விட்டு மற்றப் பக்கம் விழுறதுக்கு வீட்டிலை பழகிக்கொண்டு வந்தவராம். பந்தடியே தெரியாத சனமாக் கிடக்கு, பாவங்கள், இனிச் சனிக்கிழமையளிலை வந்து பழக்கிவிடட்டோவெண்டு கேக்கிறார்.”