மாயவரத்துக்கு ஒரு பெல்ஜியம்

கேமராவின் கண்ணாடிக்குள் மறுபடியும் அந்தச் சிவப்பு இலை வந்து உட்கார்ந்துகொண்டது.

"பத்மா, கொஞ்சம் இடது பக்கம் நகரு," என்றார் அருணகிரி.

பத்மாவதி நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல நகர்ந்தா ரோஜாச் செடி மேலதான் உட்காரணும். இப்ப என்னங்க பிரச்சினை?"

"உன் தலைக்கு மேல கனடாக் கொடி பறக்குது. பெல்ஜியத்துல எதுக்குக் கனடாக் கொடி பறக்கும்?"

அவர்கள் நின்றுகொண்டிருந்தது பெல்ஜியத்தில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது 1975ஆம் வருஷத்து ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. இடம், டொரான்டோவின் நடுவே மேட்டின் மேல் நிற்கும் காசா லோமா கோட்டை. பார்த்தால் அறுநூறு வருஷத்துச் சமாசாரம் போலிருக்கும். உண்மையில் கட்டி அறுபது வருஷம்தான் ஆகிறது. யாரோ ஒரு பணக்காரருக்கு ராஜா மாதிரி வாழ ஆசை வந்து, கோபுரம், சுரங்கப்பாதை, குதிரை லாயம் எல்லாம் வைத்துக் கட்டிவிட்டார். அவர்கள் குடியிருக்கும் பார்க்டேலில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஐரோப்பா வந்துவிடும்.

அருணகிரிக்கு இந்தக் கதி வரக் காரணம் அவருடைய சகலை ராஜமாணிக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிற ராஜமாணிக்கம் போன கோடையில் குடும்பத்தோடு ஜெர்மனி போய், ஒரு பழைய கோட்டை நகரத்தைச் சுற்றிப் பார்த்து, ஸ்லைடு படங்களை மாயவரத்துக்கு அனுப்பிவைத்தார். மாமனார் ஓய்வுபெற்ற தாசில்தார். ஹைஸ்கூலிலிருந்து புரொஜெக்டரை வரவழைத்து, கிளப்பில் திரை கட்டி, ஊரையே உட்காரவைத்துக் காட்டிவிட்டார். "என் மாப்பிள்ளை! என் மாப்பிள்ளை!" என்று அன்றைக்கு அவர் நாற்பது தடவை சொன்னதாகக் கணக்கு.

அருணகிரியைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. டொரான்டோவில் உலகத்திலேயே உயரமான கோபுரம் எழும்புகிறது என்று பேப்பரில் படம் வந்தபோதுகூட, அதை வெட்டிச் சுவரில் ஒட்டி, "என் சின்னப் பொண்ணு இருக்கிற ஊர்" என்றுதான் எழுதிவைத்தார். மாப்பிள்ளை அந்த ஊரில் இருக்கிறாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியவேண்டிய விஷயமாக அவருக்குப் படவில்லை.

ரோஷம் வந்த அருணகிரி, பெல்ஜியத்துக்கு டிக்கெட் போட்டார். போட்ட கையோடு கடிதமும் போட்டார். கலைக்களஞ்சியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ப்ரூஜ் என்ற பழைய நகரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். கல் பாவிய தெருக்கள், மணிக்கூண்டு, கால்வாய், கால்வாயில் நீந்தும் அன்னங்கள், ஆகஸ்டிலும் பல்லைக் கிட்டவைக்கும் குளிர் என்று சரமாரியாக வர்ணித்தார். குளிர் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

அடுத்த வாரமே ஆபீசில் லீவு ரத்தாகிவிட்டது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. கடிதத்தை எப்படித் திருப்புவது? மாமனார் கிளப்பில் தேதியே குறித்துவிட்டார்.

"உண்மையை எழுதிடலாங்க," என்று பத்மாவதி அப்போதே சொன்னாள்.

"எழுதலாம். 'அருணகிரிக்கு அவ்வளவுதான் முடியும்'னு உங்கப்பா நாலு பேர்கிட்ட சொல்லுவார். அதைக் கேட்டுட்டு நான் இருக்கணும்," என்றார் அவர். "ஒரே ஒரு தடவை அவர் வாயால 'என் மாப்பிள்ளை'னு வரட்டும் பத்மா. அதுக்கப்புறம் நான் எதுவுமே கேக்கலை."

அதைக் கேட்ட பிறகு பத்மாவதிக்கு எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இருபது படம் பிடிக்கிற ஒரு ஸ்லைடு சுருள் வாங்கினார்கள். கிளம்பினார்கள்.

வாசலில் ஏழு படம் எடுத்தார். ஏழிலும் கொடி. சரி, பின்பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் தொல்லை விட்டது என்று போனார். அங்கே கொடி சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் தெற்கே, மரங்களுக்கு மேலே, மாமனார் சுவரில் ஒட்டியிருந்த அதே கோபுரம் ஊசி மாதிரி நின்றுகொண்டிருந்தது. நாலு படம் எடுத்த பிறகுதான் அதைக் கவனித்தார்.

"போச்சு! அவர் தினமும் காலையில காபி குடிக்கிறப்ப பார்க்கிற கோபுரம்!"

"அப்பா, ஐ ஆம் மெல்ட்டிங்," என்றாள் மகள் தேன்மொழி. எட்டு வயது. கடிதத்தில் குளிர் என்று எழுதிவிட்டதால் மூன்று பேரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. நடுங்குற மாதிரி நில்லு."

"வொய் கான்ட் வி ஜஸ்ட் சே டொரான்டோ? இட்ஸ் நைஸ்."

"அது தாத்தாவுக்குத் தெரியாதும்மா."

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன தம்பி, காய்ச்சலோ? உந்த வெயிலுக்கை கோட்டோட நிக்கிறியள்?"

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மேல் மாடிக்காரர், யாழ்ப்பாணத்துக் கனகரத்தினம். அரைக்கைச் சட்டையும் கையில் ஐஸ்கிரீமுமாக நின்றார். உதவி செய்யாமல் ஓர் இடத்தைக் கடந்து போகத் தெரியாத மனிதர்.

"ஒண்ணுமில்லை அண்ணே. சும்மா ஃபோட்டோ..."

"அப்ப நீங்கள் படத்திலை இல்லையே! தாங்கோ தம்பி, நான் எடுத்து விடுறன். மூண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கோ."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அருணகிரி கேமராவைக் கொடுத்தார். அப்படியே அந்த மதில் பக்கமாக மட்டும் எடுத்தால் போதும் என்று கையால் காட்டினார். கனகரத்தினம் அதைக் கையாட்டுவதாக எடுத்துக்கொண்டு, தானும் கையாட்டிவிட்டு, பின்னால் போய், முன்னால் வந்து, முழங்காலில் நின்று, படபடவென்று நாலு படம் தட்டினார்.

"வடிவா வந்திருக்கு தம்பி! கொடியும் விழுந்திட்டுது, அந்தப் புதுக் கோபுரமும் முழுசா வந்திட்டுது. ஊருக்கு அனுப்பினால் கனடா எண்டு பார்த்த உடனை விளங்கும்."

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணே," என்றார் அருணகிரி. அழுகை வரும்போல் இருந்தது.

மீதம் ஐந்து படம். கொடியும் கோபுரமும் விழாமல் இருக்கவேண்டுமானால் கேமராவைத் தரையைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். தரையில் ஒரு நீரூற்றுத் தொட்டி இருந்தது. அருணகிரிக்கு மூளை வேலை செய்தது.

"கால்வாய்! பத்மா, தொட்டி விளிம்புல உட்காரு. பக்கத்துல போய் எடுத்தா கால்வாய்தான்."

"அன்னம் எங்கே? அன்னம்னு எழுதித் தொலைச்சிருக்கீங்களே?"

அதுவும் சரிதான். தேன்மொழி கையில், கோட்டையைப் பற்றிய விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. பின்பக்கம் வெறும் வெள்ளை. அவள் அதை நாலு மடிப்பு மடித்து, கழுத்து நீட்டி, ஓர் அன்னமே செய்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். தொட்டியில் விட்டதும் அது கம்பீரமாக மிதந்தது. அருணகிரி சந்தோஷத்தில் மகளை முத்தமிட்டுவிட்டு நாலு படம் எடுத்தார். நாலாவது எடுக்கும்போதுதான், தண்ணீரில் ஊறிய அன்னம் மடிப்பு விரிந்து மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார். வயிற்றில் கொட்டை எழுத்தில் 'டொரான்டோ' என்று இருந்தது.

"எத்தனாவது படத்துல விரிஞ்சுது?"

"ஐ திங்க் ஃபர்ஸ்ட் ஒன், அப்பா."

இனி ஒரே ஒரு படம்.

அருணகிரி கோட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கே மெக்கன்சி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த வயதான காவலர் நின்றுகொண்டிருந்தார். பத்மாவதி பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடிவந்தாள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அதன் சாரம் இது:

"ஐயா, அந்தக் கொடியை ரெண்டே நிமிஷம் இறக்க முடியுமா?"

மெக்கன்சியின் முகம் மாறியது. "எங்க நாட்டுக் கொடியை எதுக்கு இறக்கணும்?"

பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஏற்கெனவே மார்பை நிமிர்த்திக்கொண்டார். அருணகிரி அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"என் மனைவிக்குச் சிவப்பு நிறம் ஆகாது. பார்த்தா மயக்கம் வரும்."

மெக்கன்சி பத்மாவதியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவள் கட்டியிருந்தது அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு.

"மேனேஜரைக் கூப்பிடட்டுமா?" என்றார் மெக்கன்சி.

பத்மாவதிக்குப் பொறுக்கவில்லை. கணவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். தெரிந்த ஆங்கிலத்தில், மாயவரம், தாசில்தார், கிளப், புரொஜெக்டர், ப்ரூஜ், ரத்தான லீவு என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். "இவர் நல்லவர், ஐயா. எங்கப்பா இவரை ஒரு தடவை பாராட்டணும், அவ்வளவுதான் இவருக்கு வேணும்," என்று முடிக்கும்போது அவளுக்கே கண் கலங்கியது. அருணகிரி தரையைப் பார்த்தபடி நின்றார். மானம் போவதென்று ஆனபின் மாயவரத்தில் போனால் என்ன, டொரான்டோவில் போனால் என்ன என்றிருந்தது அவருக்கு.

மெக்கன்சி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"கொடியை எல்லாம் இறக்க முடியாது. என்கூட வாங்க."

அவர் அவர்களைச் சுரங்கப்பாதை வழியாகக் குதிரை லாயத்துக்கு அழைத்துப்போனார். வெளியே வந்தால், அடடா! கல் பாவிய முற்றம். பழுப்பேறிய செங்கல் சுவர். கூர்க்கூரை போட்ட கோபுரம். கொடி இல்லை, ஊசிக்கோபுரம் இல்லை, கனகரத்தினமும் இல்லை.

"அம்மா, அந்தப் பெரிய கல் மேல நில்லுங்க. அங்கே நின்னாத்தான் தெருவிளக்கு தெரியாது," என்றார் மெக்கன்சி. "குழந்தை நடுவிலே. ரெண்டடி பின்னால. நாலு மணி வெயில் இந்தச் சுவர்ல நல்லா விழும். கம்பளிக் கோட்டை மட்டும் ரெண்டு பேரும் கழற்றிடுங்க, வேர்வை பளபளக்குது."

"இவ்வளவு விவரமா சொல்றாரே! பெரிய கலைஞரா இருப்பார் போல," என்று அருணகிரி மனைவியின் காதில் சொன்னார்.

மெக்கன்சியே கேமராவை வாங்கிக் கடைசிப் படத்தை எடுத்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த நாளில் அவர்கள் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான்.

அருணகிரிக்குத் தரையில் கால் பாவவில்லை. "ஒரு படம் போதும் பத்மா! மத்ததெல்லாம் தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு எழுதிடலாம். ராஜமாணிக்கம் படத்துக்குப் பக்கத்துல இதைப் போட்டுப் பார்க்கட்டும் உங்கப்பா. எது நிஜ ஐரோப்பான்னு ஊர் சொல்லட்டும்!"

"அத்தான் படத்தைவிட இதுதாங்க நல்லா இருக்கும்," என்றாள் பத்மாவதி மனப்பூர்வமாக.

மெக்கன்சி கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அருணகிரி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த உபகாரத்தை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்றார்.

"பரவாயில்லை. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும்," என்றார் மெக்கன்சி. "அந்த மாயவரத்து மாமனாருக்கு இன்னும் எத்தனை மாப்பிள்ளை பாக்கி? போன கோடையில நியூ ஜெர்சியிலிருந்து ஒருத்தர் வந்து ஜெர்மனி வேணும்னார்; அவரையும் இதே கல் மேலதான் நிக்கவெச்சேன்."