‘ரைட்’ சொன்னதும் கிளம்பிய விமானம்

ஜல்தி பாய் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறப்பதற்குக்கூட. எட்டாம் மாதமே வந்து சேர்ந்துவிட்டார் என்று அவர் மனைவி பர்வீன் சொல்வாள்.

‘ஜல்தி’, அதாவது சீக்கிரம், என்பது ஊர் வைத்த பெயர்; நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பூர்வீகம் கோட்டக்குப்பம், குடியிருப்பு திண்டிவனம். திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் இரண்டு தனியார் பஸ்களுக்கு முதலாளி. ஆனால் வேலைக்கு வருகிற கண்டக்டர்கள் எல்லாருமே ஆமைகள் என்று முடிவுகட்டி, ஒரு பஸ்ஸில் தானே பையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். தினமும் அந்த பஸ்ஸில்தான் போய் வருகிறேன். படியில் ஒரு கால் வைத்தால் போதும், ‘ரைட்’ என்று குரல் கொடுத்துவிடுவார். இன்னொரு கால் நம்முடைய சொந்தப் பொறுப்பு.

அவருடைய அவசரத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர், பஸ் எடுக்கும் நேரம் வந்துவிட்டதென்று பாதித் தலையோடு எழுந்துபோய், மீதியை விழுப்புரத்தில் வெட்டிக்கொண்டார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் வெளியே வந்து, மீதிக் கதையைத் தானே முடித்து நமக்குச் சொல்லுவார். சொந்த மச்சான் கல்யாணத்தில் தம் போட்டிருந்த பிரியாணி அண்டாவை “எவ்ளோ நேரம்பா” என்று திறந்துவிட்டதில், அன்று வந்தவர்கள் எல்லாரும் அரிசியை மென்று தின்றார்கள். மச்சான் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரை ஒரு பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் விக்கிரவாண்டி டோல்கேட் பிடித்து வைத்துக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் கார்கள். பஸ் நகரவில்லை. பாய் இறங்கினார், ஏறினார், கூரைமேல் ஏறிப் பார்த்தார். அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. அது மறைகிறவரை அண்ணாந்து பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

“டீச்சர், அங்க பாத்தீங்களா? டோல்கேட் இல்ல, ஸ்டாப்பிங் இல்ல, சில்லறை குடுன்னு கேக்கறவன் இல்ல.”

நான் ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு வண்ண விளம்பரத்தோடு வந்து நின்றார். ஏதோ ஒரு தீவு நாட்டில் பறக்கக் கற்றுத்தரும் பள்ளி. ஆறே வாரத்தில் தனியார் விமானி லைசென்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“மத்த எடத்துல வருஷக்கணக்கா இழுக்கறானுங்க டீச்சர். இது எனக்குன்னே பண்ண கோர்ஸு.”

“லைசென்ஸ் வாங்கி என்னா பண்ணப்போறீங்க பாய்? திண்டிவனத்துல ஏரோப்ளேன எங்க நிறுத்துவீங்க?”

“அத்த அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல வாங்கிடலாம்.”

இரண்டில் ஒரு பஸ்ஸை விற்றார். பர்வீன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ரவிக்கையெல்லாம் அவள் தைப்பதுதான். அதனால் இரண்டு தரப்பு நியாயமும் எனக்கு வந்து சேரும். அவள் சண்டை போடவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னாளாம்: “பாலிடெக்னிக்க பாதில வுட்டீங்க. துபாய பாதில வுட்டீங்க. இத்தயாவது முடிச்சிட்டு வாங்க. முடிக்காம வந்தீங்கன்னா இந்தப் படி ஏறாதீங்க.”

இதை என்னிடம் சொன்னபோது பாய் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு சரியான இடத்தில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு லைசென்ஸ் என்பது விமானம் ஓட்டுகிற சமாச்சாரமாக இல்லை. சொந்த வீட்டுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது.

ஆங்கிலம் கற்றுத்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாடசாலை, ஓடுகிற பஸ்தான். விமானிகள் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்து டி என்றால் டேங்கோ, விக்கிரவாண்டி வி என்றால் விக்டர். பாய் அதை மனப்பாடம் செய்வதற்காக ஊர்ப் பெயர்களையே மாற்றிவிட்டார். விக்கிரவாண்டி வந்ததும், “விக்டர் எறங்கு, விக்டர் எறங்கு” என்று கத்தினார். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பதறி எழுந்தார்.

“எம் பையன் பேருதாம்பா விக்டரு. அவன் எங்க ஏறனான்? செங்கல்பட்டுல இல்ல வேலைக்குப் போய்க்கினு இருக்கான்?”

விமானத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கீழே விமான நிலையக் கோபுரத்தில் இருக்கிறவர் சொல்கிற உத்தரவை விமானி முழுதாகக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் கோபுரமாக நடிப்பேன். வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொல்வதற்குள் “ரோஜர்”, அதாவது கேட்டுக்கொண்டேன், என்பார்.

“என்னா ரோஜர்? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலயே பாய்.”

“நீங்க என்னா சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்.”

என் இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு மாணவனை நான் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க வேண்டாம்.

பாய் புறப்பட்டுப் போனார். காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் அழைப்பு வரும். முதல் சில நாட்கள் குரலில் தாங்க முடியாத குஷி. பிறகு மெல்ல மெல்லக் குழப்பம் தெரிந்தது. ஆறு வாரம் என்று விளம்பரம் செய்தவர்கள் அதை மழைக்குச் சொல்லவில்லை. தினமும் மதியம் ஆனால் கொட்டித் தீர்த்தது. விளம்பரப் படத்தில் வரிசையாக நின்ற விமானங்களில் நேரில் இருந்தவை இரண்டு; அதிலும் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். காற்று, மேகம், சட்டம், வரைபடம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஊட்டினார்கள். காலையில் படித்தது மாலையில் மறந்துபோனது. பரீட்சைக்கு முதல்நாள் கைடு வாங்குகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்ப்பவள் நான், எனக்கு ஆச்சரியமில்லை. கற்றுத்தருகிறவர்கள் வேறு பெரிய விமானக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

“மொதல்ல இருந்தவரு மூக்கத் தூக்குன்னாரு. இப்ப வந்தவரு மூக்க எறக்குன்றாரு. நான் யார் பேச்சக் கேக்கறது டீச்சர்? ஒரே பேஜாரா இருக்குது.”

ஆறு வாரக் கணக்கு எப்படி வந்தது என்பதும் மெதுவாகத்தான் அவருக்குப் புரிந்தது. சட்டம் கேட்கிற குறைந்தபட்சப் பறக்கும் நேரத்தை வைத்து, மழை பெய்யாமல், மெஷின் கெடாமல், மாணவன் எதையும் மறக்காமல், ஒரு நாள்கூட வயிறு சரியில்லாமல் போகாமல் இருந்தால் ஆறு வாரம். அப்படி ஒரு மாணவன் இன்னும் பிறக்கவில்லை. ஆக, உலகத்திலேயே வேகமான கோர்ஸ் என்று தேடிப் பிடித்துப் போனவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் பொறுக்காமல், மாணவர்களை விடுதியிலிருந்து ஏற்றி வருகிற வேனுக்குத் தானே கண்டக்டராகிவிட்டார். படியில் தொங்கிக்கொண்டு ‘ரைட்’ கொடுக்கிறவருக்கு அந்த ஊர் டிரைவரும் பழகிப்போனாராம்.

அந்த ‘ரைட்’தான் வினையானது. ஒரு நாள் காலை அழைத்தபோது குரல் அடங்கியிருந்தது.

“ரன்வேக்கு முன்னாடி ஒரு கோடு இருக்கும் டீச்சர். டவருல சொல்றவரைக்கும் அத்தத் தாண்டக்கூடாது. நானும் ஒழுங்கா நின்னுகினுதான் இருந்தேன்.”

“அப்பறம்?”

“பக்கத்துல இருந்த தாடி வாத்தியாரு செக்லிஸ்ட்ட மூடிட்டு ‘ரைட்’டுன்னாரு.”

“அதுக்கு?”

“ரைட்டுன்னாரு. எடுத்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனிதர் ‘சரி, அடுத்து என்ன’ என்கிற அர்த்தத்தில் வாயைத் திறந்திருக்கிறார். வெள்ளைக்கார வாத்தியார்களுக்கு எந்தப் பேச்சும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கும். நம் ஊரில் அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு நிற்கிற வண்டி உண்டா? எவ்வளவோ சொற்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தோன்றவே இல்லை. விமானம் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறது. கோபுரத்திலிருந்து ‘ஹோல்ட்’ என்று அலறியிருக்கிறார்கள். நம்மவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் பழக்க தோஷத்தில் “ஹோல்டான், ஹோல்டான்” என்று தாடி வாத்தியாருக்கே உத்தரவு போட்டிருக்கிறார். வாத்தியார் பிரேக்கில் ஏறி நின்றுதான் நிறுத்தினாராம்.

நான் பஸ் ஸ்டாண்டில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இன்னொரு ப்ளேன் எறங்கிக்கினு இருந்துச்சி டீச்சர். என்னப் பாத்துட்டு திரும்ப மேல ஏறிடுச்சி. அத்த ஓட்டிக்கினு வந்தது ஒரு பொண்ணு. அன்னைக்குத்தான் மொத தபா தனியா போயிருக்குது. அப்பறம் கேன்டீன்ல பாத்தேன். டீ வாங்கி வெச்சிட்டு குடிக்காம ஒக்காந்துகினு இருந்துச்சி. என்னை ஒரு வார்த்தை சொல்லல.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. அவசரத்தால் அவர் கெடுத்த காரியங்கள் ஆயிரம். ஒன்றுக்குக்கூட அவர் குரல் இப்படிக் கம்மி நான் கேட்டதில்லை.

விசாரணை என்று கொஞ்ச நாள் அவரைப் பறக்கவிடவில்லை. பிறகு மழை. பிறகு பரீட்சை அதிகாரிக்காகக் காத்திருப்பு. அந்தத் தீவு முழுவதற்கும் ஒரே அதிகாரி, அவர் வருகிறபோதுதான் வருவார். அவர் வந்து சேர்ந்தபோது பாயின் விசா முடிய ஒரு நாள்தான் பாக்கி. அந்தக் காலையில் எனக்கு அழைப்பு வந்தது. பின்னால் காற்று இரைகிற சத்தம்.

“டீச்சர், ஒரு இங்கிலீஷ் வேணும்.”

“சொல்லுங்க பாய்.”

“எனக்கு இன்னும் சரியா வரலன்னு மரியாதையா எப்பிடிச் சொல்றது?”

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“காத்து பக்கவாட்டுல அடிக்குது டீச்சர். இந்த மாதிரி காத்துல ரெண்டு தபாதான் எறக்கி இருக்கேன். அதுலயும் ஒண்ணு தாடிக்காரரு எறக்கனது. போறதா வேணாமான்னு நீயே சொல்லுன்னுட்டாரு பரீட்சைக்காரரு.”

“இன்னைக்கு வுட்டா?”

“அவ்ளோதான். மூட்டையக் கட்டணும்.”

“பர்வீன்கிட்ட பேசனீங்களா?”

“என்னான்னு பேசறது?”

நான் பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “ஐ ஆம் நாட் ரெடி. அப்பிடிச் சொல்லுங்க பாய்.”

அவர் ஒன்றும் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். “ஐ… ஆம்… நாட்… ரெடி.” ஃபோனை வைத்துவிட்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? பரீட்சை நேரத்தில் பயந்து ஓடி வந்துவிட்டார் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். “என்னா பாய், லேண்டிங் ஆயிடுச்சா?” என்று கேட்காத ஆள் இல்லை. எல்லாரையும் கடந்து பெட்டியோடு பர்வீன் கடைக்கு வந்தார். நான் ரவிக்கை வாங்குகிற சாக்கில் அங்கே இருந்தேன். உண்மையைச் சொன்னால் ரவிக்கை முந்தின வாரமே வாங்கியாகிவிட்டது. பாய் படிக்குக் கீழேயே நின்றார்.

“முடிச்சீங்களா?” என்றாள் பர்வீன், தலையைத் தூக்காமல்.

“இல்ல.”

“வுட்டாச்சா?”

“வுடல. சரியா தெரியாம மேல போவக்கூடாதுன்னு வந்துட்டேன். நான் போனா நான் மட்டும் போறதில்ல. எதுர்ல ஒருத்தர் வர்றாங்க.”

மிஷின் நின்றது. பர்வீன் அவரை வெகுநேரம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு காரணத்தை முழுதாகச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

“அங்கயே ஏன் நின்னுகினு இருக்கீங்க, உள்ள வாங்க,” என்றாள். தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டுச் சொன்னாள்: “இந்த வாட்டி மெதுவா சொல்லித்தர்ற எடமா பாருங்க.”

அப்படியே ஓர் இடம் பக்கத்து மாநிலத்தில் கிடைத்தது. தீவில் சேர்த்த பறக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே ஒப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பித்தார். மாதத்தில் சில நாட்கள் அங்கே, மற்ற நாட்களில் மிச்சமிருக்கும் ஒரு பஸ்ஸில் பையோடு. வானத்தில் நிதானம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். தரையில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. போன மாதம்கூட என் குடை ஏறியது, நான் ஏறவில்லை.

சென்ற வாரம் அவருக்கு மறுபடி அந்தப் பரீட்சை. அன்று நான் வகுப்பில் நடத்திய இலக்கணத்தைப் பிள்ளைகள் மறந்துவிட்டால் நாட்டுக்கு நல்லது. கரும்பலகையில் எழுதியதையே திரும்ப எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே மரம் அசைந்தால் அங்கேயும் காற்றடிக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். ஸ்டாஃப் ரூமுக்கும் வகுப்புக்கும் நடந்து நடந்து காலே வலித்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது பர்வீன் அழைத்தாள்.

“எறங்கிட்டாராம் டீச்சர்.”

“அப்பாடா,” என்றேன். அவளும் அதையே சொன்னாள். பாஸா ஃபெயிலா என்று கேட்க வேண்டும் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.