ஆந்தையார் கப்பல் பார்த்த கதை

அன்று சாயங்காலம் ஆந்தையார் ஒரு முடிவோடு எழுந்தார். இன்று மனைவியை மடக்காமல் விடுவதில்லை!

ஆந்தையார் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பேர். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? வீட்டின் பின்பக்கம் ஒரு குட்டி அறை. ஒரு கட்டில், ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை. அவருடைய சாம்ராஜ்யமே அவ்வளவுதான். சிநேகிதர்கள், சிரிப்பு, அரட்டை எல்லாம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டன. பாவம், மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்தக் கட்டில். இப்போது அதற்கும் ஆபத்து.

மனைவியின் அக்கா, புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாகக் கிடந்தாள்.

"சுவரைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்காங்க. எனக்கு மனசே கேக்கலைங்க. இங்க கூட்டிட்டு வந்துடலாம்" என்பாள் மனைவி.

"எங்க படுக்க வைப்பே? முன் அறையில உன் கட்டில் போட்டாலே கதவு திறக்க மாட்டேங்குது!"

"பின் அறையில..."

"அது என் அறை!"

உடனே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அதற்காகக் கட்டிலை விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது!

அப்படியொரு நாள் சாப்பாடு போடும்போது அவளே வாய் தவறிச் சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் புதுப்பித்து நிறுத்தியிருக்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாமாம், உள்ளே மனுஷன் காலை நீட்டக்கூட இடமில்லையாம். ஆந்தையாருக்கு மூளையில் பல்பு எரிந்தது. ஆகா! கொண்டுபோய்க் காட்டுவோம். நெருக்கியடித்துக் கிடப்பது என்ன லட்சணம் என்று கண்ணால் பார்த்தால், இவளே அக்கா பேச்சை விட்டுவிடுவாள்.

"கப்பல் பார்க்கப் போவோமா?" என்றார் அன்று எழுந்ததுமே, ஒன்றும் தெரியாதவர் போல.

"நீங்களா கூப்பிடறீங்க?" என்று கேட்டபோதே அவள் கையில் குடை இருந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. கப்பலைப் பார்த்தால் புது வார்னிஷ் பளபளத்தாலும் துக்க வீட்டுக்கு வந்ததுபோல்தான் இருந்தது. சுற்றிக் காட்ட வந்த ஒல்லி மனிதரும் அழுவதுபோலவே பேசினார். "கீழ போகும்போது தலை..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மனைவி குனிந்து, ஏணியில் பின்பக்கமாகப் பதவிசாக இறங்கிவிட்டாள். ஆந்தையார் நெற்றியில் இடித்துக்கொண்டார்.

கீழே இருட்டு. தார் நாற்றம். இரண்டு பக்கமும் பலகைப் படுக்கைகள்.

"பார்த்தியா? சவப்பெட்டிகூட இதைவிட அகலமா இருக்கும்!"

"ஐயோ பாவம்!"

"இப்படி அடைச்சு வெச்சா மனுஷன் மனுஷனா இருப்பானா?"

"எப்படிங்க இருப்பான்?"

ஆந்தையாருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதை இவள் ஒப்புக்கொண்டதே கிடையாது.

"எத்தனை பேருங்க இதுல இருந்திருப்பாங்க? எனக்கு என்ன தெரியும், நீங்களே அவரைக் கேளுங்களேன்" என்றாள்.

கேட்டார். சத்தமாகவே கேட்டார்.

"இருபது பேர்" என்றார் ஒல்லி மனிதர்.

"கேட்டியா! இருபது பேர்!"

"ஆனா படுக்கை பத்துதான்." ஒல்லி மனிதர் பெருமூச்சு விட்டார். "பாதிப் பேர் மேல மரத்துல பாய் கட்டிக்கிட்டிருப்பாங்க, பாதிப் பேர் கீழ தூங்குவாங்க. முறை மாறினதும் இவன் எழுந்த படுக்கையில அவன் விழுவான். ஒருத்தரை ஒருத்தர் சரியாப் பார்த்ததுகூட இல்ல. எவனாவது செத்துப்போனாத்தான் ஒருத்தனுக்குத் தனிப் படுக்கை."

மனைவி உச்சுக்கொட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று ஆந்தையார் நெற்றி வீக்கத்தைத் தடவியபடி வெளியே வந்தார்.

ஒரே குடையில் திரும்பி நடந்தார்கள். முக்கால் குடை அவளுக்கு.

"ஏங்க, நீங்க ராத்திரி வீட்டுல இருக்கறதில்ல."

"ஆமா."

"அக்கா பகல்ல தூங்கறதில்ல."

ஆந்தையார் சட்டென்று நின்றுவிட்டார். "அது கப்பல்மா! நம்ம வீடு கப்பலா?"

"இடம் இல்லன்னு சொன்னது நீங்க. இடம் இல்லாத இடத்துல எப்படி இருக்கறதுன்னு கூட்டிட்டு வந்து காட்டினதும் நீங்க. அந்தக் கேள்வியைக் கேட்டதுகூட நீங்கதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்கு என்னை விட்டா யாருங்க இருக்கா?"

அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டிலாயிற்றே! கடைசியாக ஒரு பிடி கிடைத்தது.

"வாரத்துல ஒரு ராத்திரி எனக்கு லீவு. அன்னிக்கு நான் எங்க படுப்பேன்? சொல்லு பார்ப்போம்!"

"அன்னிக்கும் அடுப்புக்கு ஆள் வேணுமாம். நீங்க வருவீங்கன்னு உங்க முதலாளியம்மாகிட்ட போன வாரமே பேசிட்டேன்."

"போன வாரமா? கப்பலை இன்னிக்குத்தானே பார்த்தோம்!"

"நீங்க இன்னிக்குப் பார்த்தீங்க. நானும் அக்காவும் போன வாரமே பார்த்தாச்சு. அப்ப நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க."