மஞ்சள் வைத்த ஜூடோ உடுப்பு

புது உடுப்புக்கு மஞ்சள் வைக்காமல் போட்டால் என்ன கெடுதல் வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வைத்துப் போட்டால் என்ன வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு, பள்ளிக்கூடம் மாத்தளை டவுனில். அங்கே நிஸாம் மாஸ்டர் பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பயிற்சி அறைச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று இருந்தது. பிரேசில் நாட்டுச் சாம்பியன் ஒருத்தி தன்னைவிடப் பெரியவளைத் தோளுக்கு மேலாகத் தூக்கி எறிந்துகொண்டிருப்பாள். பெயர் இருந்த இடத்தைக் கரப்பான் தின்றுவிட்டது.

"அந்த நாட்டுல பொம்பளைங்க ஜூடோ போடக்கூடாதுன்னு சட்டமே இருந்திச்சாம். சட்டம் இருக்கிறப்பவே ஒளிச்சு ஒளிச்சுப் பழகினாங்களாம்" என்பார் மாஸ்டர்.

பிரேசிலில் கோப்பித் தோட்டம் இருக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆகவே அவளும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். (ஆதாரம் கேட்காதீர்கள். அந்த வயதில் யாரிடம் ஆதாரம் இருந்தது?) அவளுக்குக் குறுக்கே நின்றது சட்டம். எனக்குக் குறுக்கே நின்றது அம்மா. சட்டத்தையாவது மாற்றலாம்.

"பொம்பளப்புள்ள ஊரான் புள்ளைங்களோட கட்டிப் புரளுறதுக்கா நான் கூடை தூக்குறேன்?" என்று கேட்டவள், மாகாணப் போட்டி வந்ததும் ஓர் ஒப்பந்தம் போட்டாள். "ஜெயிச்சா உன் இஷ்டம். தோத்தா திங்கக்கிழமை பேரு பதிஞ்சிருவேன்." பேர் பதிவதென்றால் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவது. வேலைக்கு ஆள் பதிகிற கணக்கப்பிள்ளையிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவள்.

போட்டிக்கென்று மாஸ்டர் எனக்குப் புது ஜூடோ உடுப்பு தந்தார். அம்மா அதை விரித்துப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள்.

"ஐயோ சாமி! கல்யாணமாகாத புள்ளைக்குக் கழுத்துல இருந்து கால் வரைக்கும் வெள்ளையா?"

புது உடுப்பின் ஒரு மூலையில் பொட்டளவு மஞ்சள் வைப்பதுதான் வழக்கம். அம்மா வெள்ளையின் அளவைப் பார்த்து மஞ்சளின் அளவைக் கூட்டிவிட்டாள். கழுத்துப் பட்டியில், இரண்டு கையிலும், முதுகில், கால்சட்டையில், எங்கெங்கே கெட்டது நுழையலாமோ அங்கெல்லாம் குழைத்துப் பூசியிருந்தாள். நான் ஆத்திரத்தோடு தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தூக்கிப் போய்ச் சவர்க்காரம் போட்டேன். மஞ்சள் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. நான் விடுவேனா? இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டேன். கடைசியில் அது ஆட்டை அறுத்த இடத்தைத் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளையைத் தனியே பஸ் ஏற்ற எவருக்கும் துணிச்சல் கிடையாது. அம்மாவும் கூட வந்தாள். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவன் என் பையைத் திறந்து உடுப்பை வெளியே இழுத்தான்.

"லேத?" என்றான் (இரத்தமா?).

அம்மாதான் முன்னால் போனாள். "நே மஹத்தயா, கஹ! கஹ!" (இல்லைங்க ஐயா, மஞ்சள்!) என்று சொல்லி உடுப்பை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்தான். அதில் என்ன வாசம் வந்ததோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் திருப்பித் தந்தான். அம்மா மாத்தளையில் இறங்கியதும் நேரே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய், பூசையில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

மண்டபத்தில் நடுவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். இரத்தம் வடிகிற ஆளை மோத விடமாட்டேன் என்றார். எங்கே காயம் என்று ஒரு நர்ஸைக் கூப்பிட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. மாஸ்டர் சிங்களத்தில் விளக்க விளக்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா மடியை அவிழ்த்தாள். அம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து, நான் போட்டிருந்த சட்டையின் முதுகிலேயே வைத்துத் தேய்த்தாள். சிவப்பு பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது! மண்டபமே கைதட்டியது. நடுவருக்கும் சந்தோஷம்.

"சரி, இரத்தம் இல்லை. ஆனால் ஜூடோ உடுப்பு வெள்ளையாக இருக்கவேணும். பெயர் கூப்பிடுவதற்குள் வேறு மாற்றினால் மோதலாம். இல்லையென்றால் வெளியே" என்றார்.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியவள் வஹகோட்டையிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா. பெரிய எடைப் பிரிவில் அப்போதுதான் தோற்றுவிட்டு வந்திருந்தாள். "இந்தா புடி. நான்தான் தோத்துட்டேன், என் உடுப்பாவது ஜெயிக்கட்டும்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, யாரோ கொண்டுவந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கால்சட்டைக்குள் என்னைப்போல் இரண்டு பேர் குடும்பம் நடத்தலாம். நாடாவோ நைந்துபோன நாடா. முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டு விரிப்பில் ஏறினேன்.

எங்கள் பிரிவில் இரண்டே பேர். எதிரே கண்டிக்காரி. ஏறின வேகத்திலேயே என்னைத் தூக்கிப் போட்டாள். நல்லகாலம், முதுகு முழுதாகப் படவில்லை, ஆட்டம் முடியவில்லை. எழும்பும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கணக்கப்பிள்ளையும் தெரிந்தார், கூடையும் தெரிந்தது. போகமாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். அடுத்த தரம் அவள் பிடிக்க வந்தபோது காலைத் தட்டிச் சாய்த்து, கழுத்தை என் கக்கத்துக்குள் கொடுத்து நெஞ்சோடு அமுக்கிவிட்டேன். இப்படியே அரை நிமிஷம் பிடித்து வைத்திருந்தால் வெற்றி.

கண்டிக்காரி துள்ளினாள், நெளிந்தாள், கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தாள். அகப்பட்டது ஸ்டெல்லாவின் கால்சட்டை. நாடா அறுந்தது. கால்சட்டை முட்டிக்கு வந்தது, பிறகு என்னை விட்டே போய்விட்டது.

உள்ளே நான் போட்டிருந்தது பேக்கரி மாச் சாக்கில் அம்மா தைத்த அரைக்கால்சட்டை. எத்தனை வெளுப்பு வெளுத்தும் எழுத்து போகவில்லை. பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "தேறிய நிறை 50 கிலோ." நான் மோதியது நாற்பத்தெட்டு கிலோவுக்கு உட்பட்ட பிரிவில்.

மண்டபம் வெடித்தது. "எடை கூடிப்போச்சு! வெளியே போடுங்க!" என்று மேல்வரிசையில் எவனோ கத்தினான். நடுவர், பிடி செல்லும் என்று எங்களை நோக்கி நீட்டிய கையை எடுக்காமல் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பிடியிலிருந்து கையை எடுத்து மானத்தைக் காப்பாற்றினால் கண்டிக்காரி எழும்பிவிடுவாள். எழும்பினால் திங்கட்கிழமை என் தலையில் கூடைக் கயிறு.

"ஐயோ, மானம் போச்சே!" என்று அம்மாவின் குரல் கேட்டது. தொலைந்தேன், இனி வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது. அடுத்து வந்ததும் அதே குரல்தான்.

"விட்றாதடி! அமுக்குடி அவள! போனது போகட்டும், புடிய விடாத!"

"உட்டுராதீங்க மகள்!" என்று மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். நான் விடவில்லை. மணி அடித்த பிறகும் விடவில்லை. நடுவர் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

அம்மா செருப்போடு விரிப்பில் ஏறிவிட்டாள். "அக்கா, செருப்பு! செருப்பு!" என்று மாஸ்டர் அலறியதை அவள் காதில் வாங்கவில்லை. முந்தானையால் என் இடுப்பைச் சுற்றி மூடிவிட்டு, சிரித்த வரிசையைப் பார்த்தாள்.

"சிரிக்கிறவன் எவனாச்சும் இருந்தா இறங்கி வந்து எம்புள்ள கையில கழுத்தக் குடுங்கடா பாப்போம்!"

ஒருவரும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, சத்தியமாகச் சந்தோஷத்தில்தான். திங்கட்கிழமை காலை அம்மாவே கணக்கப்பிள்ளையிடம் போய், "எம்புள்ள வராதுங்க, அதுக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள்.

அதன்பிறகு எத்தனையோ விரிப்புகளில் மோதினேன். பதக்கங்களும் உண்டு, இப்போது நானே பெண் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். அதைப்பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் மாச் சாக்குக் கதைதான். என் புருஷன் பெண் பார்க்க வந்த அன்று, கோப்பி கொடுக்கும் முன்பே அம்மா அதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்தப் போட்டி முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று தோட்டத்துப் பெண்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன். தோட்டத்தை நடத்துகிற துரை வெளியே வந்து, பொலிஸுக்குச் சொல்லிவிட்டேன், மரியாதையாக எழும்பிப் போங்கள் என்றார். மழை வேறு பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் சில பேர் எழும்பப் பார்த்தார்கள். பின்னாலிருந்து அம்மா போட்ட சத்தம் துரைக்கும் கேட்டிருக்கும்.

"கால்சட்டை போனாப் போகுது, புடிய விடாதீங்கடி!"

அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் சேலை கட்டியவர்கள். என்னைத் தவிர ஒருத்திக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் ஒருத்திகூட எழும்பவில்லை.