முறுக்கில் கிடைத்த ஸ்க்ரூ

டாக்டர் பேச்சைக் கேட்காமல் மானம் போனவர்களுக்குப் பட்டியல் போட்டால், முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியில் வேலை. நகரத் தொடங்கிய படகில் தாவி ஏறப்போய் (ஸ்டைலாம்!) தாடையை உடைத்துக்கொண்டேன். டாக்டர் உள்ளே உலோகத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். "தொந்தரவு பண்ணலேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். ஈறு வீங்கினாலோ சீழ் வந்தாலோ உடனே வரணும், எடுத்துடலாம்" என்றார்.

ஒரு வருஷத்தில் இரண்டும் வந்தன. நான் போகவில்லை. பள்ளுருத்தியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். சரோஜாவின் போட்டோவைப் பார்த்தே விழுந்துவிட்டேன். தாடையில் இரும்பு இருக்கிறது என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? மண்டியில் கிடைத்த கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பெண் பார்க்கப் போனேன்.

பெண்ணின் அப்பா சாயாக்கடைகளுக்கு முறுக்குப் போடுகிறவர். முறுக்கைக் குறை சொன்னால் தாங்கமாட்டார் என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தாள். தட்டில் வந்த முறுக்கை எடுத்தேன். முதல் கடியிலேயே நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் குட்டி ஸ்க்ரூ!

"முறுக்குல ஸ்க்ரூ கிடக்குது!" என்று கத்தியவன் சாட்சாத் நானேதான். (கிராம்பில் மரத்துப்போனது வாய் மட்டுமல்ல.)

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒருத்தர் குறை சொன்னதில்லையே" என்று தழுதழுத்தபடி, மாவு மெஷினை நடுக்கூடத்தில் பிரித்துப் போட்டார். மாப்பிள்ளை மிடுக்கோடு நானும் குனிந்து தேடினேன். மெஷினில் ஒரு ஸ்க்ரூகூடக் குறையவில்லை.

சரோஜா வந்து அந்த ஸ்க்ரூவை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, நம்ம மெஷின்ல உள்ளதெல்லாம் துரு. இது பளபளன்னு இருக்கு." பிறகு என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "சேட்டா, வாயைத் திறங்க."

திறந்தேன். அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அப்பா ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம், "அப்ப முறுக்குல குறையில்லை!" என்று தொடையில் தட்டிச் சிரித்து, அவரே என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"எலும்பு கூடிடுச்சு, இனி தகடுக்கு வேலையில்லை. ஸ்க்ரூ கழன்று சீழும் வச்சாச்சு" என்று திட்டிக்கொண்டே டாக்டர் எல்லாவற்றையும் எடுத்தார். அடுத்த தை மாசம் எங்களுக்குக் கல்யாணம். அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் முதலில் என் வாயில்தான் தேடுவார்கள். பின்னாளில் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த பையன், முறுக்கைக் கடித்ததும் லேசாக முகம் சுளித்தான். சரோஜா தட்டைக் கீழே வைத்தாள்.

"தம்பி, முதல்ல வாயைத் திறங்க."